எம்.ஜி. ரோட்டுக்கு ஏன் ஒரு பக்கம் மட்டும் கடை?

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

கம்பெனி பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சவங்களுக்கும், சில்க் போர்டு சிக்னல்ல நின்னுக்கிட்டே கேக்குறவங்களுக்கும் ஸ்பெஷல் வணக்கம். நம்ம ஒசூர், கிருஷ்ணகிரி பக்கத்து ஆளுங்களுக்குத் தலைநகரம் எதுன்னு கேட்டா, பேப்பர்ல சென்னைன்னு எழுதுவோம். ஆனா சென்னை முந்நூறு கிலோமீட்டர். பெங்களூரு நாப்பது. சினிமா, ஷாப்பிங், பெரிய ஆஸ்பத்திரி, முதல் வேலை எல்லாத்துக்கும் பல பேரு முதல்ல போய் இறங்கின தலைநகரம் அதுதான். அது பக்கத்து மாநிலத்தோட தலைநகரம்ங்கிறது வேற விஷயம்.

அந்தத் தலைநகரத்தோட பெரிய வீதி எம்.ஜி. ரோடு. இன்னைக்கு அதோட கதையைப் பார்க்கப் போறோம். "எம்.ஜி. ரோடு தமிழன் போட்ட ரோடு"ன்னு ஒரு வாட்ஸ்ஆப் ஃபார்வர்டு நம்ம குரூப்கள்ல சுத்திக்கிட்டே இருக்கும். அந்தப் பக்கம் குரூப்கள்ல "வந்தேறிங்க ஊரைப் பிடிச்சுக்கிட்டாங்க"ன்னு இன்னொண்ணு சுத்தும். ரெண்டையும் சரிபார்க்க நல்ல இடம் அந்த ரோடேதான்.

ஒரு பக்க வீதி

அடுத்த தடவை போகும்போது இதைக் கவனிங்க. அனில் கும்ப்ளே சர்க்கிள்ல இருந்து டிரினிட்டி பக்கமா, அதாவது கிழக்க பார்த்து நடந்தா, உங்க வலது கைப் பக்கம் கடை, ஓட்டல், பேங்க், புத்தகக் கடைன்னு வரிசையா இருக்கும். இடது கைப் பக்கம் ரொம்ப தூரத்துக்குக் கடையே கிடையாது. மெட்ரோ பாலம், ஒரு நடைபாதை, அதுக்கு அந்தாண்ட மிலிட்டரி சுவர். சதுர அடி விலை அவ்வளவு இருக்கிற ஒரு வீதியில, ஒரு பக்கத்தை யாராவது சும்மா விடுவாங்களா?

காரணம், அந்தச் சுவருக்குப் பின்னாடி இருக்கிற பரேட் மைதானம். இன்னைக்கு அதுக்கு ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா பேரு. ராணுவம் அணிவகுக்க அந்த மைதானத்தை முதல்ல ஒதுக்கினாங்க. அதோட தெற்கு ஓரமா ஒரு பாதை போட்டாங்க. தெற்கு ஓரத்துல இருந்ததால அதுக்கு 'சவுத் பரேட்'னு பேரு. அதுதான் பிற்பாடு எம்.ஜி. ரோடு ஆச்சு.

சென்னை மவுன்ட் ரோட்டை எடுத்துக்கோங்க. அது கோட்டையில இருந்து பரங்கிமலைக்குப் போற வழி. ஓர் இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போகத்தான் அந்த ரோடு. சவுத் பரேட் அப்படி எங்கேயும் போறதுக்காகப் போட்டதில்லை. ஒரு மைதானத்தோட விளிம்பு அது. சாயங்காலம் ஆபீசருங்க குதிரையில உலாத்துறதுக்கும், பேண்டு வாசிக்கிறதைக் கேக்குறதுக்கும், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறதுக்கும் உண்டான விளிம்பு. சுமார் ரெண்டு கிலோமீட்டர்தான் நீளம். ரெண்டு முனைகள் பக்கமும் சர்ச் இருக்கும்: மேற்கே செயின்ட் மார்க்ஸ், கிழக்கே 1851-ல கட்டி முடிச்ச ஹோலி டிரினிட்டி. டிரினிட்டி மெட்ரோ ஸ்டேஷன் பேரு அங்கிருந்து வந்ததுதான்.

சுத்தி இருக்கிற பேரையும் பாருங்க. பிரிகேட் ரோடு, இன்ஃபன்ட்ரி ரோடு, ஆர்ட்டிலரி ரோடு, ரெசிடென்சி ரோடு. ஒரு ராணுவ முகாமோட வரைபடத்தை அப்படியே தெருப் பலகையில எழுதி மாட்டின மாதிரி இருக்கும். காவல்ரி ரோடு, அதாவது குதிரைப்படை ரோடு, பேரு மாறிடுச்சு. என்ன பேருன்னு அப்புறம் சொல்றேன். நமக்கு வேண்டியவர் பேருதான்.

நம்ம பார்டர் பிறந்த கதை

இந்த முகாம் ஏன் அங்க வந்துச்சு? இதுக்கு ஒசூர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

1791-ல காரன்வாலிஸ் தலைமையில கம்பெனிப் படை பெங்களூர்க் கோட்டையைத் திப்பு சுல்தான்கிட்ட இருந்து பிடிச்சது. அதே வருஷம் ஒசூர்க் கோட்டையும் விழுந்துச்சு. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மேலயும் தாக்குதல் நடந்துச்சு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல பாராமகால், அதாவது கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துச் சீமை, கம்பெனி கைக்குப் போச்சு. அலெக்சாண்டர் ரீடு கலெக்டரா வந்தார். அவர்கிட்ட உதவியாளரா வேலை கத்துக்கிட்டவர் தாமஸ் மன்றோ. சென்னையில மவுன்ட் ரோடு ஆரம்பிக்கிற பக்கத்துல குதிரை மேல உக்கார்ந்திருக்காரே, அதே மன்றோதான்.

1799-ல திப்பு போர்ல இறந்த பிறகு மறுபடியும் வரைபடம் வெட்டப்பட்டது. ஒசூர்ப் பக்கம் கம்பெனிக்கு வந்து சேலம் ஜில்லாவோட சேர்ந்துச்சு. பெங்களூர் உடையார் மன்னரோட மைசூருக்குப் போச்சு. நாம தினமும் அத்திப்பள்ளியில தாண்டுற கோடு, மொழியைப் பார்த்துப் போட்ட கோடு இல்ல. ஒரு போர்ல ஜெயிச்சவங்க பங்கு பிரிச்சுக்கிட்ட கோடு. அதனாலதான் இன்னைக்கும் நம்ம ஊர்ல ஒரே தெருவுல தெலுங்கு, கன்னடம், தமிழ் மூணும் கேக்குது. கோடு போட்டவங்க அங்க யார் என்ன பேசுறாங்கன்னு கேக்கல.

போர் முடிஞ்சதும் கம்பெனிப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்துல தங்கிச்சு. காவிரித் தீவு, ஈரம், கொசு. சிப்பாய்ங்க காய்ச்சல்ல விழ ஆரம்பிச்சாங்க. அதனால 1809-ல படையை மேட்டு நிலமா, குளிர்ச்சியா இருந்த பெங்களூருக்கு மாத்தினாங்க. ஏற்கனவே ஒரு பெங்களூர் இருந்துச்சு. கெம்பேகௌடா 1537-ல உருவாக்கினதா சொல்லப்படுற பேட்டை: சிக்பேட், பளேபேட், தொட்டபேட். நெசவு, தானிய வியாபாரம்னு நல்லா ஓடிக்கிட்டிருந்த ஊர். படை அதுக்குள்ள போகல. கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி, அல்சூர் ஏரிப் பக்கம் தனியா முகாம் போட்டாங்க. கன்னடத்துல அதுக்குப் பேரு 'தண்டு'. தமிழ்லயும் தண்டுன்னா படைதான். பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் போர்டுல கன்னடத்தை எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாருங்க, 'பெங்களூரு தண்டு'ன்னு இருக்கும். சிவாஜி நகர்ல தண்டு மாரியம்மன் கோயில் இருக்கு. படையோட கூடவே வந்த அம்மன்.

யார் யார் வந்தாங்க

இந்தப் படை மெட்ராஸ் ஆர்மியைச் சேர்ந்தது. மெட்ராஸ் ஆர்மின்னா, சிப்பாய்ல பெரும்பங்கு மெட்ராஸ் மாகாணத்து ஆளுங்க. ஒரு படை தனியா நகராது. அரிசி சப்ளை பண்றவர், துணி தைக்கிறவர், சமையல்காரர், வண்ணார், குதிரைக்குப் புல்லு வெட்டுறவர், கொத்தனார், கணக்கெழுதுறவர், வட்டிக்குக் கொடுக்கிறவர்னு ஒரு ஊரே பின்னாடி வரும். வடாற்காடு, சேலம் பக்கத்துல இருந்து தமிழ் ஜனங்க வந்தாங்க, தெலுங்கு ஜனங்க வந்தாங்க, தக்கனி உருது பேசுற முஸ்லிம் குடும்பங்கள் வந்தாங்க. 1834-ல மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு பெங்களூருக்கு வந்துச்சு. அவங்க இன்னைக்கும் அல்சூர் ஏரிக்கரையில இருக்காங்க.

1864-ல ஜோலார்பேட்டையில இருந்து ரயில் வந்துச்சு. அது எந்த ஸ்டேஷனுக்கு வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? பேட்டைக்கு இல்ல. கன்டோன்மென்டுக்கு. இன்னைக்கு நம்ம ஆளுங்க கம்பெனி பஸ்ஸும் டிரெயினும் பிடிச்சுப் போற மாதிரி, அன்னைக்கு அந்த ரயில் தமிழ்நாட்டுப் பக்கத்தை நேரா தண்டோட கோத்துவிட்டது.

வந்தவங்கள்ல ஒருத்தர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். வியாபாரம், கான்ட்ராக்ட்னு பெரிய ஆளா வளர்ந்தார். கப்பன் பார்க்ல சிவப்பு நிறத்துல கர்நாடக உயர் நீதிமன்றம் இருக்கே, அட்டாரா கச்சேரி, 1868-ல முடிஞ்ச அந்தக் கட்டடத்தைக் கட்டின கான்ட்ராக்டர் இவர்தான். 1873-ல அவர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிறுவனங்கள்ங்கிற பேர்ல அல்சூர் பக்கம் இன்னும் நடக்குது.

சவுத் பரேட் கடைங்க இந்தத் தண்டுக்காக வந்ததுங்க. மெட்ராஸ்ல 1844-ல ஆரம்பிச்ச ஹிக்கின்பாதம்ஸ், 1905-ல இங்க கிளை திறந்துச்சு. 1936-ல பிளாசா தியேட்டர் வந்துச்சு, இங்கிலீஷ் படம் பார்க்கிறதுக்கு. ஆபீசர் குடும்பங்கள்தான் வாடிக்கையாளர். கவுன்டர்ல நின்னவரும், மூட்டை தூக்கினவரும், குதிரை வண்டி ஓட்டினவரும் பேசினது பெரும்பாலும் தமிழும் உருதுவும் தெலுங்கும். போர்டு மட்டும் இங்கிலீஷ்.

கன்னடம் எங்கன்னு கேக்குறீங்களா? அது சில கிலோமீட்டர் தள்ளி, பேட்டையில இருந்துச்சு.

ஒரே ஊர், ரெண்டு அரசாங்கம்

நிறைய பேருக்குத் தெரியாத பகுதி இது. 1862-ல பேட்டைக்கு ஒரு நகராட்சி, தண்டுக்கு ஒரு நகராட்சின்னு தனித்தனியா வந்துச்சு. நடுவுல 1870-ல கப்பன் பார்க் உருவாச்சு. காத்து வாங்குற பார்க்தான், ஆனா வரைபடத்துல பார்த்தா ரெண்டு ஊருக்கும் நடுவுல விட்ட இடைவெளி மாதிரி கிடக்கும்.

1881-ல பிரிட்டிஷ்காரங்க மைசூர் ராஜ்யத்தை உடையார் குடும்பத்துகிட்ட திருப்பிக் கொடுத்தாங்க. எல்லாத்தையும் கொடுத்துட்டு, ஒண்ணை மட்டும் கையில வெச்சுக்கிட்டாங்க. அது இந்தத் தண்டு. அதிகாரபூர்வப் பேரு சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன். மைசூர் மகாராஜாவோட ராஜ்யத்துக்கு நடுவுல, அவரோட நிர்வாகம் செல்லாத ஒரு துண்டு நிலம். ஆண்டது பிரிட்டிஷ் ரெசிடென்ட். சிக்பேட்ல இருந்து சவுத் பரேடுக்கு வண்டியில வர்ற ஒருத்தர், கப்பன் பார்க்கைத் தாண்டினதும் வேற சட்டம், வேற கோர்ட்டு, வேற முனிசிபாலிட்டிக்குள்ள நுழைஞ்சாரு.

அந்தக் கோட்டுலயே 1906-ல விக்டோரியா ராணிக்குச் சிலை வெச்சாங்க. அன்னைக்கு வேல்ஸ் இளவரசரா இருந்து, பிறகு அஞ்சாம் ஜார்ஜா ஆனவர் வந்து திறந்தார். ராணி இன்னும் அங்கேயே நிக்கிறாங்க. கொஞ்சம் தள்ளி இப்போ காந்தியும் நிக்கிறார்.

ஆக, எம்.ஜி. ரோடு 1809-ல இருந்து 1947 வரைக்கும், 138 வருஷம், பக்கத்துல இருந்த கன்னட ஊரோட நிர்வாகத்துக்குள்ள வரவே இல்ல. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னைக்கு அந்த ரோட்டுல நடக்கிற பல சண்டைக்கு வேர் இங்கதான் இருக்கு.

வாட்ஸ்ஆப் ஃபார்வர்டு என்ன ஆச்சு?

இப்போ முதல் ஃபார்வர்டுக்கு வருவோம். "பெங்களூரைக் கட்டினது தமிழன்." தண்டைப் பொறுத்தவரைக்கும் இதுல உண்மை இருக்கு. கல்லு சுமந்தவங்க, கட்டினவங்க, கடை நடத்தினவங்க, துப்பாக்கி பிடிச்சவங்கள்ல தமிழ் ஜனங்க பெரிய பங்கு. ஆனா அவங்க யாருக்காகக் கட்டினாங்க? அந்த ரோட்டுல குதிரையில உலாத்தினவங்களுக்காக. கட்டினவங்க குடியிருந்தது சவுத் பரேட் பங்களாக்கள்ல இல்ல. நெரிசலான பிளாக்பள்ளியில, அதாவது இன்னைய சிவாஜி நகர்ல, அல்சூர்ல, சுத்தி இருந்த சேரிகள்ல. 1898-ல பிளேக் வந்தப்போ நெரிசலான பகுதிகள்தான் மோசமா அடிவாங்கிச்சு. "நாம கட்டினோம்"னு பெருமையா சொல்றப்போ, கட்டினவங்களுக்கு அந்த ரோட்டுல என்ன இடம் இருந்துச்சுங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும்.

அடுத்தது, தண்டு மட்டும் பெங்களூர் இல்ல. 1905-ல பெங்களூர்ல மின்சாரத் தெருவிளக்கு எரிஞ்சப்போ, அது முதல்ல எரிஞ்சது பேட்டைப் பக்கம். கரன்ட் வந்தது மைசூர் அரசாங்கம் சிவனசமுத்திரத்துல கட்டின மின்நிலையத்துல இருந்து. 1909-ல தொடங்கின இந்திய அறிவியல் கழகத்துக்கு நிலம் கொடுத்தது மைசூர் அரசு. 1940-ல ஹெச்.ஏ.எல். வந்தப்போ அதுல முதலீடு பண்ணினதும் மைசூர் அரசு. என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இன்னைக்கு அந்த ஊர்ல வேலை இருக்குன்னா, அதோட அடித்தளம் சவுத் பரேட்ல இல்ல. அந்த மைசூர் முடிவுகள்ல இருக்கு.

இன்னும் சுவாரசியம் என்னன்னா, அந்த மின்நிலைய காலத்துக்குப் பெரிய திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். மைசூர் அரசாங்க வேலையில மெட்ராஸ்ல இருந்து வந்த படிச்சவங்க நிறைய இருந்தாங்க. அதனால "மைசூர் மைசூர்காரங்களுக்கே"ன்னு ஒரு குரல் 19-ஆம் நூற்றாண்டோட கடைசியிலேயே கிளம்பிச்சு. 2024 ஜூலையில கர்நாடக அமைச்சரவை தனியார் வேலையில உள்ளூர்க்காரங்களுக்கு ஒதுக்கீடுன்னு ஒரு மசோதாவை ஒத்துக்கிட்டு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வெச்சது ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நம்ம ஊர்ல எத்தனை போன் கால் பறந்துச்சு! அந்தக் குரல் நேத்து பிறந்தது இல்ல. நூறு வருஷத்துக்கு மேல வயசு அதுக்கு.

ரெண்டு ஊரை மெர்ஜ் பண்ணினப்போ

1947-ல தண்டு மைசூர் அரசுகிட்ட வந்துச்சு. 1948 ஜனவரி 30-ல காந்தி கொல்லப்பட்டார். பிப்ரவரியில சவுத் பரேட், மகாத்மா காந்தி ரோடு ஆச்சு. 1949-ல ரெண்டு நகராட்சியையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினாங்க.

ரெண்டு பழைய சிஸ்டத்தை மெர்ஜ் பண்ணின அனுபவம் இருக்கிறவங்களுக்குத் தெரியும். டேபிளைச் சேர்க்கிறது ஒரு ராத்திரி வேலை. அதுக்குள்ள இருக்கிற பழக்கத்தைச் சேர்க்கிறதுக்கு வருஷக்கணக்கா ஆகும். மாநகராட்சி ஒண்ணாச்சு, ஆனா எம்.ஜி. ரோட்டுல கன்னடத்துல பேசினா கடைக்காரர் இங்கிலீஷ்ல பதில் சொல்றது ரொம்ப வருஷம் தொடர்ந்துச்சு. ஒரு கன்னடக்காரரோட இடத்துல நின்னு யோசிங்க. மாநிலத் தலைநகரத்தோட பெரிய வீதி. அங்க அவரோட மொழி ஒரு விருந்தாளி மாதிரி. அதிகாரத்தோட கட்டடமான விதான சௌதா 1956-ல எழுந்ததும் அந்த வீதியில இல்ல. கப்பன் பார்க் ஓரத்துல, அட்டாரா கச்சேரிக்கு எதிர்ல.

2023 டிசம்பர்ல பெயர்ப் பலகையில 60 சதவீதம் கன்னடம் இருக்கணும்னு போராட்டம் நடந்து, பெங்களூர்ல பல கடைகளோட இங்கிலீஷ் போர்டுங்களை உடைச்சாங்க. அடுத்த வருஷம் அது சட்டமாவும் ஆச்சு. உடைச்சது தப்பு, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா கோபம் எங்க இருந்து வருதுங்கிறது 138 வருஷக் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா புரியும். சென்னையில இங்கிலீஷ் போர்டுக்கு மேல தமிழ் இருக்கணும்னு கேக்குற நமக்கு, இது புரியாத கோபமா இருக்க முடியாது.

சும்மா கிடந்த பக்கம்

முதல்ல கேட்ட கேள்விக்கு இப்போ திரும்பலாம். ஒரு பக்கத்தை ராணுவம் விடாம வெச்சிருந்ததால அங்க மரங்கள் வளர்ந்துச்சு. காகிதப்பூக் கொடி படர்ந்த ஒரு நடைபாதை இருந்துச்சு. காசு செலவழிக்காம எம்.ஜி. ரோட்டுல உக்கார முடிஞ்ச இடம் அது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் இந்தியன் காபி ஹவுஸ். ஒரு காபி, ஒரு ஸ்கிராம்பிள்டு எக், பேப்பர், ரெண்டு மணி நேரம். யாரும் எழுந்துக்கச் சொல்ல மாட்டாங்க.

2006-ல மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டினாங்க. பாலம் போட இடம் வேணும். கடை இருக்கிற பக்கம் கை வெச்சா நஷ்ட ஈடு, கோர்ட்டு, வருஷக்கணக்குல இழுபறி. சும்மா இருந்த பக்கம்தான் சுலபம். மரங்களும் அந்த நடைபாதையும் போச்சு. காபி ஹவுஸ் 2009-ல எம்.ஜி. ரோட்டுல மூடி, சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போச்சு. 2011 அக்டோபர் 20-ஆம் தேதி பையப்பனஹள்ளியில இருந்து எம்.ஜி. ரோடு வரைக்கும் முதல் ரயில் ஓடிச்சு. தென்னிந்தியாவோட முதல் மெட்ரோ. 1809-ல குதிரைக்காக ஒதுக்கின விளிம்புதான் ரெண்டு நூற்றாண்டு கழிச்சு ரயிலுக்கு வழி விட்டது.

பாலத்துக்குக் கீழ இப்போ கலைக்கூடம், புது நடைபாதை எல்லாம் இருக்கு. நிழல் மட்டும் மரத்தோடது இல்ல, கான்கிரீட்டோடது. 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரைக்கும் வந்துருச்சு. நம்ம பக்கத்துல இருந்து போனா பொம்மசந்திராவுல ஏறி, ஆர்.வி. ரோட்டுல பச்சை லைன், மெஜஸ்டிக்ல ஊதா லைன், அப்புறம் எம்.ஜி. ரோடு. 1864-ல ஜோலார்பேட்டை ரயில் பண்ணின வேலையை இது வேற வழியில திரும்பப் பண்ணுது.

காவேரி, காமராஜர், காந்தி

காவல்ரி ரோட்டோட புதுப் பேரு என்னன்னு சொல்றேன்னேன் இல்ல? காமராஜ் ரோடு. கர்நாடகத் தலைநகரத்துல, குதிரைப்படை ரோட்டுக்கு நம்ம காமராஜர் பேரு. பரேட் மைதானத்தோரமா வந்து அது எம்.ஜி. ரோட்டுல சேர்ற இடத்துல, எதிர்ல பிரிகேட் ரோடு ஆரம்பிக்குது. அந்த ஜங்ஷன்ல கர்நாடக அரசோட கைவினைக் கடை. அதோட பேரு காவேரி. ஆக, ஒரே சிக்னல்ல காந்தி, காமராஜர், காவேரி, அதோட ஒரு பிரிட்டிஷ் பிரிகேடு. எந்த ஸ்கிரிப்ட் ரைட்டரும் இப்படி எழுத மாட்டான்.

அந்த மூணாவது பேருக்காக நாம என்ன பட்டோம்னு உங்களுக்குத் தெரியும். 1991 டிசம்பர்ல காவிரி இடைக்காலத் தீர்ப்புக்குப் பிறகு பெங்களூர்ல தமிழ் ஜனங்க இருந்த பகுதிகள் தாக்கப்பட்டு, குடும்பம் குடும்பமா பார்டர் தாண்டி வந்தாங்க. 2016 செப்டம்பர்ல பஸ் எரிஞ்சது. அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் நடுவுல ஜனங்க பையைத் தலையில வெச்சு, குழந்தையை இடுப்புல வெச்சு நடந்து வந்தாங்க. கேக்குற உங்கள்ல சில பேரு அதுல நடந்தவங்களா இருப்பீங்க.

இன்னொரு சம்பவமும் இருக்கு. அல்சூர் ஏரிக்கரையில, எம்.ஜி. ரோட்டோட கிழக்கு முனையில இருந்து கொஞ்ச தூரத்துல, 1991-ல ஒரு திருவள்ளுவர் சிலை வெச்சாங்க. திறக்க முடியல. எதிர்ப்பு. துணியைப் போத்தி அப்படியே விட்டாங்க. பதினெட்டு வருஷம் வள்ளுவர் மூடியே நின்னார். 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கருணாநிதியும் எடியூரப்பாவும் ஒரே மேடையில இருக்க அதைத் திறந்தாங்க. நாலு நாள் கழிச்சு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ரெண்டு அரசாங்கமும் உக்கார்ந்து பேசினா முடியுற விஷயம்தான் அது. அதுக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு.

நம்ம ஊர்ல யார் தண்டு?

ரெண்டாவது ஃபார்வர்டுக்கும் பதில் சொல்லிடலாம். "வந்தேறிங்க ஊரைப் பிடிச்சுக்கிட்டாங்க." 1809-ல படையோட வந்த குடும்பத்தோட ஏழாவது எட்டாவது தலைமுறை இன்னைக்கு சிவாஜி நகர்ல இருக்கும். வீட்டுல தமிழ் பேசும், தெருவுல கன்னடமும் உருதுவும் பேசும். அவங்க வந்தப்போ அந்த ரோடே இல்ல. அவங்களை எங்க திரும்பிப் போகச் சொல்றது?

இதே கேள்வியை இப்போ நம்ம பக்கம் திருப்பிப் பாருங்க. 1970-கள்ல ஒசூருக்கு சிப்காட் வந்தப்போ தொழிற்சாலைக்கு ஆளுங்க தமிழ்நாட்டோட மத்த ஜில்லாக்கள்ல இருந்து வந்தாங்க. "வெளியூர்க்காரங்க"ன்னு அப்போ நம்ம ஊர்லயே பேசினவங்க உண்டு. இப்போ ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம்ல இருந்து வர்றாங்க. ஷெட்டு எழுப்புறது அவங்க, லைன்ல நிக்கிறது அவங்க. எட்டுக்குப் பத்து ரூம்ல ஆறு பேரா தங்குறது அவங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கம் போனா கேக்குற மொழிகளை எண்ணிப் பாருங்க. 2019-ல மாநகராட்சி ஆன ஊருக்கு இனிமேதான் பெரிய வீதிங்க வரப்போகுது. அதைப் போடப் போறவங்க இவங்கதான். நாளைக்கு இவங்க பேரப்பிள்ளைங்க தமிழ்ல பேசிக்கிட்டு, ரேஷன் கார்டும் ஓட்டும் வெச்சுக்கிட்டு இங்க நிக்கும்போது நாம என்ன சொல்லப் போறோம்? சிவாஜி நகர்த் தமிழருக்கு நாம கேக்குற மரியாதையை இவங்களுக்கும் கொடுப்போமா?

என்னோட பதில் "கொடுக்கணும்"தான். கூடவே, பெங்களூர்ல வேலை பார்க்கிற நாம கன்னடம் கத்துக்கணும்னும் நினைக்கிறேன். ஒரு சட்டம் சொல்றதுக்காக இல்ல. 138 வருஷம் அந்த வீதியில தன் மொழிக்கு இடம் இல்லாம இருந்த ஒரு ஜனத்துகிட்ட, "ஊட்ட ஆய்த்தா?"ன்னு கேட்டா அவங்க முகத்துல வர்ற மாற்றத்தைப் பார்த்தவங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். நம்ம ஒசூர்க்காரங்களுக்கு அது பாதி தெரிஞ்ச மொழிதானே.

அடுத்த தடவை எம்.ஜி. ரோட்டுல இறங்கினா, காவேரி ஜங்ஷன்ல ஒரு நிமிஷம் நின்னு நாலு பக்கமும் போர்டைப் படிங்க. அப்புறம் சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு நடந்து போய் ஒரு காபி குடிங்க. அடுத்த எபிசோடுல நம்ம ஊருக்கே வர்றோம்: ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியில இருந்து பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் வரைக்கும் போன ஒரு படிப்போட கதை. அதுவரைக்கும் பத்திரமா போய்ட்டு வாங்க, சில்க் போர்டுல பொறுமையா இருங்க.